கிளிக்கர் வாங்குவதா, ஆப் போதுமா?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் 70 பேர். எதைக் கேட்டாலும் முன்வரிசையில் அதே நாலைந்து பேர்தான் வாய் திறக்கிறார்கள். எல்லோரையும் பதில் சொல்ல வைக்க கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் சிறு கருவி) வாங்கலாமா, மொபைல் ஆப் போதுமா?

பதில்: ஆப் போதும். கிளிக்கர் என்றால் ரிசீவர், பேட்டரி, எந்தக் கருவி யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு எல்லாம் உங்கள் தலையில் விழும். மென்டிமீட்டர், ஸ்லைடோ, கஹூட் என எந்த ஆப் ஆனாலும் மாணவர்கள் சொந்த மொபைலிலேயே பதில் அனுப்பலாம், ஆனால் இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் சேரலாம் என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலே வேண்டாம், எடுத்தால் கவனம் சிதறும் என்றால் பிளிக்கர்ஸ் இருக்கிறது. மாணவர் கையில் வெறும் காகித அட்டை. எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அதுதான் அவர் பதில், உங்கள் போன் கேமரா எல்லா அட்டைகளையும் படித்துவிடும். அட்டைக்கு அட்டை கோலம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காப்பியடிப்பதும் கஷ்டம்.

சரி, கருவி விஷயம் முடிந்தது. நிஜமான வேலை கேள்வியில் இருக்கிறது. "நியூட்டனின் இரண்டாம் விதி எது?" என்று கேட்டால் 70 பேரும் சரியாகத்தான் அழுத்துவார்கள், அதனால் யாருக்கும் லாபமில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, அப்போது அதன் முடுக்கம் என்ன? சுழியம், கீழ்நோக்கி 9.8 மீ/வி², மேல்நோக்கி 9.8 மீ/வி² என்று மூன்று விடை கொடுங்கள். வேகம் சுழியம் என்பதால் முடுக்கமும் சுழியம் என்று நிறையப் பேர் போடுவார்கள், ஈர்ப்பு விசை அங்கேயும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது சட்டென்று தோன்றாது. தவறான விடை ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையாகவே நம்புகிற ஒன்றாக இருக்க வேண்டும். பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் அவை தாமாகவே கிடைக்கும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் இப்படிக் கேள்வி கேட்டுப் பாடம் நடத்துவதை ஒரு முறையாகவே ஆக்கினார். ஒன்றிரண்டு நிமிடம் பேசாமல் யோசித்து எல்லோரும் வாக்களிக்க வேண்டும், முடிவை நீங்கள் மட்டும் பாருங்கள். திரையில் காட்டிவிடாதீர்கள், பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், "வேறு விடை போட்டவர் யாரையாவது பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள்" என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். அதன் பிறகு மறு வாக்கு. வகுப்பு சந்தைக்கடையாக இரையும், இரையட்டும், கடைசி பெஞ்ச் முதல்முறையாகப் பாடம் பேசுவது அப்போதுதான். 30க்குக் கீழே போனால் விவாதம் வீண், பாடத்தையே மறுபடி எடுங்கள். 70க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கிவிட்டு நகருங்கள்.

கஹூட் மாதிரி வேகத்துக்கும் புள்ளி தருகிற விளையாட்டு, தேர்வுக்கு முன் ஒரு திருப்புதலுக்கு நன்றாக இருக்கும். யோசிக்க வைக்கும் கேள்விக்கு ஒத்துவராது, முந்துவதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார்கள். அப்புறம், இந்த விடைகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். வேண்டுமானால் கலந்துகொண்டதற்குக் கொஞ்சம் கொடுங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் தாங்காது.

அலுவலகக் கூட்டம், பயிற்சி வகுப்பிலும் இது ஓடும், ஒரே ஒரு மாற்றத்தோடு: அங்கே பெயர் தெரியாமல் பதில் சொல்ல முடிவதுதான் பெரிய பலம். மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது "இந்தத் திட்டம் குறித்த நாளுக்குள் முடியுமா?" என்று கை தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் உயரத்தான் செய்யும், மொபைலில் கேட்டால் கதை வேறு. ஸ்லைடோவில் கேள்விகளைப் பார்வையாளர்களே அனுப்பி, பிடித்ததற்கு ஆதரவு வாக்கும் போடலாம். பெயரில்லை என்றால் யாராவது குறும்பு செய்வார்கள், எனவே நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே திரைக்கு வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.