யாருடைய விழா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் வரும் ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாளன்று ஒரு விழா நடத்தப்போகிறோம். ஏழு பேர் கொண்ட குழு அமைத்தாயிற்று. நடனம், இசை, கைவினைக் கடைகள், குழந்தைகளுக்குப் பழங்குடி மாறுவேடப் போட்டி என்று நிகழ்ச்சி நிரலும் தயார். அரசியல் வேண்டாம், கொண்டாட்டமாக மட்டும் இருக்கட்டும் என்பது குழுவின் முடிவு. அடுத்த வாரம் கலைஞர்களை அழைக்கத் தொடங்குகிறோம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. திட்டத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் குழு, பிறகு நிகழ்ச்சி நிரல், அதற்கும் பிறகுதான் அந்த மக்களுக்கு அழைப்பு. விட்டுப்போனது அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஏழு பேரில் தொல்குடியைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. இருந்திருந்தால் மாறுவேடப் போட்டி நிரலில் ஏறியிருக்காது.

உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மக்களைக் காட்சிக்கு வைத்த ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1931இல் பாரிஸ் நகரில் காலனி நாடுகளின் கண்காட்சி நடந்தபோது, பசிபிக் கடலில் உள்ள பிரெஞ்சுக் காலனியான நியூ கலிடோனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கனாக் என்னும் தொல்குடி மக்களை ஒரு விலங்குப் பூங்காவில் ‘நரமாமிசம் தின்பவர்கள்’ என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள். அவர்களில் சிலரை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்கு முதலைகளை வாங்கிக்கொண்டார்கள். அங்கே வந்து வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்ல. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வந்த சாதாரணக் குடும்பங்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். யார் முடிவெடுக்கிறார்கள் என்ற ஒரு விஷயம் தவறிவிட்டால், நல்ல மனிதர்கள் நடத்தும் விழாகூட அந்தப் பூங்காவின் பக்கமாகச் சாய்ந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? குழுவைக் கலைத்துவிட்டு மறுபடி அமையுங்கள். பாதிக்கு மேல் தொல்குடி மக்களே இருக்கட்டும். அப்புறம் நிகழ்ச்சி நிரலை வெற்றுத்தாளாக அவர்கள் முன் வையுங்கள். பணம், இடம், ஒலிபெருக்கி, அனுமதிக் கடிதங்கள், கழிப்பறை, குடிநீர் ஆகியவை உங்கள் பொறுப்பு. எதைக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது, எந்த மொழியில் பேசுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. நார்வேயின் வடக்கே கடற்கரையில் வாழும் ‘சாமி’ (Sámi) என்னும் தொல்குடியின் இளைஞர்கள் 1991இல் தொடங்கிய ‘ரிட்டு ரிட்டு’ விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்துச் சிறு புயல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். தாய்மொழியைப் பேசவே கூச்சப்படும்படி ஆக்கப்பட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். யாரும் அவர்களை மேடைக்கு அழைக்கவில்லை. அவர்களே மேடை போட்டார்கள். இன்று உலகின் மற்றத் தொல்குடிகள் அங்கே விருந்தாளிகளாக வருகிறார்கள்.

‘எதைக் காட்டக்கூடாது’ என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாட்டும் ஆட்டமும் யாருக்கும் பொதுவானவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல சமூகங்களில் அப்படி இல்லை. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்குவாக்கவாக்கு மக்களிடம் ஒரு நடனத்தை ஆடும் உரிமை குறிப்பிட்ட குடும்பத்துக்குச் சொந்தம். வழிவழியாக வரும் சொத்து அது. அந்த ஆட்டங்கள் அரங்கேறும் பாட்லாட்ச் விருந்தைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்துவைத்திருந்தது. 1921இல் ஒரு பெரிய விருந்து நடந்ததற்காகப் பலரைக் கைது செய்து, முகமூடிகளையும் செப்புத்தகடுகளையும் பறித்தார்கள். அவை அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மீண்டு வந்தவற்றை வைக்க 1980இல் அலர்ட் பே ஊரில் திறந்த பண்பாட்டு மையத்துக்கு ‘உமிஸ்டா’ என்று பெயரிட்டார்கள். பகைவரிடம் சிறைப்பட்டுத் திரும்பி வந்தவரை ‘உமிஸ்டா பெற்றவர்’ என்பது அவர்கள் வழக்கு. சிறைமீண்ட ஒரு ஆட்டத்தை ‘ஐந்து நிமிடத்தில் ஆடிக் காட்டுங்கள், அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கிறது’ என்று கேட்க நமக்கு வாய் வருமா?

ஆனால் கேட்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவில் நானே பார்த்தேன். அமைச்சரின் வருகை தாமதமானதால் ஆடவந்த குழுவை இரண்டு மணிநேரம் வெயிலில் நிற்கவைத்தார்கள். பிறகு பாட்டின் நடுவிலேயே ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். குழுவிலிருந்த மூத்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் சலங்கையைக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டார். நான் அன்று எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இப்போது மாறுவேடப் போட்டி. வட அமெரிக்கச் சமவெளி மக்களின் கழுகிறகுத் தலைப்பாகையைத்தான் குழந்தைகள் பெரும்பாலும் அணிந்து வருவார்கள். துணிவுக்காகவும் தொண்டுக்காகவும் சமூகம் ஒருவருக்கு ஒவ்வோர் இறகாக அளிக்கும் மரியாதை அது. பாவ்வாவ் எனப்படும் அம்மக்களின் ஆடல் பாடல் கூடுகைகளில் ஆடுபவரின் உடையிலிருந்து ஒரு கழுகிறகு தரையில் விழுந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். உரியவர் வந்து சடங்கு செய்து அதை எடுக்கும்வரை யாரும் படம் எடுக்கக்கூடாது. அந்த இறகைக் காகிதத்தில் வெட்டிக் குழந்தை தலையில் ஒட்டினால், அது என்னவென்று குழந்தைக்குத் தெரியாமலே போய்விடும். அதற்குப் பதிலாக, விருப்பமுள்ள ஒரு கைவினைஞரின் பக்கத்தில் குழந்தைகளை ஒரு மணிநேரம் உட்காரவையுங்கள். ஒரு முடிச்சு போடக் கற்றுக்கொண்டால்கூடப் போதும். தொல்குடி மக்கள் அணிவதை ‘வேஷம்’ என்று அறிவிப்பில் எங்கும் எழுதாதீர்கள். அவர்கள் தங்களை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்கிறார்களோ அதையே எழுதுங்கள்.

ஒளிப்பதிவு பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். யார் எடுக்கிறார்கள், எங்கே ஏற்றுகிறார்கள், பிறகு அது யாரிடம் இருக்கும் என்று எழுத்தில் இருக்கட்டும். தங்கள் பண்பாட்டையும் மரபறிவையும் கட்டுப்படுத்தும் உரிமை அவர்களுக்கே உண்டு என்று 2007இல் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் ஆட்டப்பாட்டான ‘கா மாட்டே’ ஹாக்காவை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது அதை இயற்றிய மாவோரித் தலைவர் தே ரவுபராஹாவின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று 2014இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் மேடையிலும் ஒவ்வொரு பாட்டுக்கும் அது யாருடையது என்று சொல்லப்படட்டும்.

ஊதியத்தை மற்ற மேடைக் கலைஞர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுங்கள், அதில் ஒரு பகுதியை முன்பணமாக. கூடவரும் முதியவர்களுக்கும் பயணச் செலவு உண்டு. கைவினை விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு வேண்டாம்.

கடைசியாக, ‘அரசியல் வேண்டாம்’ என்ற முடிவு. அதை எடுத்தவர்கள் நீங்கள், எடுக்கும் உரிமை அவர்களுடையது. ஆஸ்திரேலியாவில் இன்று ஜூலையில் பூர்வகுடிகளின் வரலாற்றையும் பண்பாட்டையும் போற்றிக் கொண்டாடப்படும் நைடாக் வாரத்தின் வேர் 1938 ஜனவரி 26இல் இருக்கிறது. வெள்ளையர் குடியேறிய 150ஆம் ஆண்டை நாடு கொண்டாடிய அந்த நாளில் சிட்னியில் பூர்வகுடிகள் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். நீங்கள் குறித்திருக்கும் ஆகஸ்ட் 9கூட, 1982இல் தொல்குடிகளின் உரிமைகள் பற்றிப் பேச ஐ.நா. பணிக்குழு முதன்முதலில் கூடிய நாள்தான். நிலத்தைப் பற்றி ஒரு பெரியவர் பேச விரும்பினால் பேசட்டும். கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருந்தாலும் ஒலிவாங்கியை வாங்காதீர்கள்.

மூன்று மாதத்தில் இது முடியாது. விழாவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். அவர்களுடைய சடங்கு நாட்களையும் அறுவடையையும் கேட்டுத் தேதி குறியுங்கள். நடுவில் ஒரு மூத்தவர் இறந்துபோனால் சில சமூகங்களில் ஆட்டமே நின்றுபோகும். அப்போது தேதியை மாற்றவும் தயாராக இருங்கள். இந்த ஆகஸ்ட் 9க்கு ஒரு சிறு சந்திப்பு போதும். நீங்கள் ஏழு பேரும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். இப்படி ஒரு விழா அவர்களுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், எப்படி என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

மாறுவேடப் போட்டி அறிவிப்பு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சந்திப்பு முடிந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.