தோற்பவருக்குப் போட்ட ஓட்டு எங்கே போகிறது?

தஞ்சாவூர் வாசகி: ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே ஓட்டுப் போடுவது வீண் என்கிறார் என் மாமனார். சரிதானா ஐயா?

இல்லை அம்மா. 2016 சட்டமன்றத் தேர்தலை அவருக்கு நினைவூட்டுங்கள். மதுவிலக்கை முன்னிறுத்தித் தனித்து நின்ற பாமகவுக்கு 5.3 சதவீத வாக்கு கிடைத்தது. ஓர் இடம்கூட இல்லை. ஆனால் அந்த ஓட்டு எந்தப் பக்கம் போகுமோ என்ற கவலையும், மதுவுக்கு எதிரான பெண்களின் போராட்டங்களும் சேர்ந்து, தேர்தலுக்கு முன்பே திமுகவையும் அதிமுகவையும் மதுவிலக்கு வாக்குறுதி தர வைத்தன. பதவியேற்ற அன்றே 500 டாஸ்மாக் கடைகளை மூட ஜெயலலிதா கையெழுத்திட்டார். கடை திறக்கும் நேரமும் காலை 10 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்குத் தள்ளிப்போனது. முழு மதுவிலக்கு இன்றுவரை வரவில்லை; அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

ஈரோடு வாசகர்: மொடக்குறிச்சியில் ஆயிரம் பேர் நின்றார்களே, என்ன பலன்?

1996இல் அங்கே 1,033 வேட்பாளர்கள். பெரும்பாலோர் தங்கள் குறைகளை நாட்டுக்குக் காட்ட நின்ற விவசாயிகள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அப்போதைய ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். குடிநீரில் ஃபுளோரைடு கலந்து, பல் கறைபட்டு எலும்பு வளைந்த ஊர்கள் அவை. அந்த 480 பேரில் மூவரைத் தவிர எல்லோரும் டெபாசிட் இழந்தார்கள், ஆனால் அந்தத் தண்ணீரின் கதை நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அரசு உடனே செய்தது வேறு: மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 10,000 ஆக்கியது. ஏழைகளின் குரலுக்குப் போட்ட பூட்டு என்றே அதை நான் சொல்வேன்.

சேலம் வாசகர்: நோட்டாவும் இதே வேலையைச் செய்யுமா?

செய்யாது. நோட்டா கோபத்தைக் காட்டும்; என்ன வேண்டும் என்று சொல்லாது.

கோவை வாசகர்: வெளிநாட்டில் உதாரணம் உண்டா?

பிரிட்டனில் 2010இல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற யூகிப் கட்சிக்குச் சுமார் 3 சதவீத வாக்கு, இடம் பூஜ்யம். அதன் வளர்ச்சி தன் கட்சி ஓட்டைக் கரைப்பதைக் கண்ட பிரதமர் கேமரன், 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்களித்தார். 2016இல் பிரிட்டன் வெளியேற முடிவெடுத்தது.

விருத்தாசலம் வாசகி: எங்கள் தெருவில் நாற்பது பேர் மாற்றிப் போட்டால் யார் கண்ணில் படும்?

கட்சிக்காரர் கண்ணில் படும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20இல் வரிசையாக இருக்கிறது. நீங்களும் வாங்கிப் பாருங்கள். போன முறை உங்கள் சாவடியில் வெற்றி வித்தியாசம் நாற்பதுக்குள் இருந்தால், அந்தத் தாளோடு உங்கள் கோரிக்கையை இணைத்து அங்கே முதல் இரண்டு இடம் பிடித்த கட்சிகளின் அலுவலகத்திலும் கொடுங்கள்.