மதிலில் சிவப்புக் குறி: முதலில் வீதி யாருடையது என்று பாருங்கள்

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் உங்கள் ஒழுங்கையை அகலமாக்கப் போவதாகச் சொல்லி யாரோ மதிலில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போனதாக எழுதியிருந்தீர்கள். அம்மா தூங்காமல் இருக்கிறார் என்று வாசித்ததும் மனம் கனத்தது. குறி போட்டதால் மட்டும் காணி கைமாறாது, அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

காலி வீதி ஏ2 தர நெடுஞ்சாலை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிலிருந்து பிரியும் சின்ன ஒழுங்கைகள் பெரும்பாலும் கொழும்பு மாநகர சபையுடையவை. ஆகவே அந்தச் சபை இயங்கும் நகர மண்டபத்துக்குப் போய் உங்கள் காணிக்கு வீதிக் கோட்டுச் சான்றிதழ் கேளுங்கள். திட்டத்தில் வீதி எங்கே வரை வருகிறது என்பது அதில் தெரியும். காணி உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் கொண்டுபோங்கள். வாய்ப்பேச்சை நம்பி வராதீர்கள். நாங்கள் அப்படி நம்பி ஒரு வருடம் அலைந்தோம்.

பதில் இழுபட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே காணி எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டப்படி அறிவித்தல் வரும். அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு அறிவித்தல் என்றால் எழுத்தில் ஆட்சேபிக்கக் குறைந்தது 14 நாள் தருவார்கள். அந்தத் திகதியைத் தவறவே விடாதீர்கள். அவசரத் தேவை என்று சொல்லி இந்த ஆட்சேபப் படியைத் தாண்டவும் சட்டத்தில் இடமுண்டு, அதனால் உங்கள் பகுதிக்குரிய திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலும் இப்போதே விசாரியுங்கள்.

அப்புறம், குறியைப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.