மகள் ஒரே பட்டனோடு மல்லுக்கட்டுவது வீண்வேலையா?

மாங்குளத்திலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மகள் பகலெல்லாம் மடிக்கணினியில் ஒரு பட்டனையே அழுத்திப் பார்க்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் எழுதிப் பழகி அனுப்பிய இணையப் பக்கத்தைப் பார்த்தேன். சோறு போடும். ஆனால் அவள் பாதிவழியில் நிற்கிறாள்.

நெல், உழுந்து, கச்சான் விற்பவர்களுக்கான பட்டியல் அது. பொருளின் பெட்டியைத் தொட்டால் விவரப் பக்கம் திறக்கும். பெட்டிக்குள் ‘நீக்கு’ என்றொரு பட்டன். அதை அழுத்தினால் பொருளும் நீங்குகிறது, விவரப் பக்கமும் திறந்துகொள்கிறது. உலாவியில் பழுதில்லை. கிராம அலுவலரிடம் கொடுத்த மனு பிரதேச செயலகம், மாவட்டக் கச்சேரி என்று போவதுபோல, பட்டனில் விழுந்த கிளிக் பெட்டிக்கும் அதற்கு மேல் முழுப் பக்கத்துக்கும் ஏறிப்போகும்.

மகள் போட்ட மருந்து ‘ஸ்டாப் ப்ராப்பகேஷன்’, கிளிக் மேலே ஏறுவதைத் தடுக்கும் கட்டளை. மனுவைக் கிராம அலுவலரே இழுப்பறையில் பூட்டிவைத்த மாதிரி. விவரப் பக்கம் திறப்பது நின்றது. புதுக் கோளாறு முளைத்தது. பக்கத்தில் ஒரு மெனு உண்டு; தனக்கு வெளியே எங்கு தொட்டாலும் மூட வேண்டிய அது, ‘நீக்கு’வைத் தொட்டால் மட்டும் மூடுவதில்லை. மூடும் கட்டளை உச்சியில், முழுப் பக்கத்தில் அல்லவா காத்திருக்கிறது? அங்கே செய்தியே போய்ச் சேரவில்லை.

கிளிக்கை மேலே போக விடச் சொல்லுங்கள். அது எங்கே பிறந்தது என்று பெட்டி, கிளிக் விழுந்த இடத்தைச் சொல்லும் ‘ஈவென்ட் டார்கெட்’டைக் கேட்டு, பட்டனுக்குள் என்றால் பேசாமல் இருக்கட்டும். டார்கெட்டை நேரே பட்டனோடு ஒப்பிட்டால் ஏமாறுவாள்: பட்டனுக்குள் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருக்கிறது, விரல் அதில் பட்டால் டார்கெட் அந்தப் படம்தான். அங்கிருந்து மேல்நோக்கித் தேடும் ‘க்ளோசெஸ்ட்’ கொண்டு தேடினால் பட்டன் அகப்படும். இன்னொன்று, அவளுடைய பெட்டி வெறும் ‘டிவ்’, தனக்கென்று வேலை எதுவும் இல்லாத வெற்றுக் கட்டம். விசைப்பலகையால் அதை எட்ட முடியாது. அதற்காக முழுப் பெட்டியையும் இணைப்பாக்கிவிடக் கூடாது, இணைப்புக்குள் பட்டன் வைப்பதை, இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் தரவிதி அனுமதிப்பதில்லை. பொருளின் பெயரை மட்டும் இணைப்பாக்கினால் போதும்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையப் பக்கம் எழுதும் தொடக்கநிலை வேலைக்கான நேர்முகத்தில் அடிக்கடி கேட்கப்படுவது இதுதான். சுவரில் மாட்டிய சான்றிதழைவிட, கோளாறு ஏன் வந்தது என்று விளக்கத் தெரிந்த பிள்ளைக்கே என் கணிப்பில் வாய்ப்பு அதிகம். ஆகவே பக்கத்தோடு சேர்த்து இந்தக் கதையையும் அவள் எழுதிவைக்கட்டும், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.

முடிவு வருமுன் தனியார் டிப்ளோமாவுக்குப் பெரும் பணம் கட்டிவிடாதீர்கள். 2021இல் தனித்தியங்கும் அரச பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நேரில் போய் விசாரியுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஆசைப்படும் முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை வர்த்தமானியில் வந்தால் அதற்கும் விண்ணப்பிக்கட்டும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது.