தாடையில் கம்பி கட்டியிருக்கிறது, என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

தாடை எலும்பு முறிந்தவர்களின் சாப்பாட்டைக் கவனிப்பது என் அன்றாட வேலை; நான் உணவியல் ஆலோசகர். எலும்பு கூடும் வரை மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுவதால், இவர்களால் வாயைத் திறந்து மென்று சாப்பிட முடியாது. நீங்கள் கேட்டவற்றில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்குக் கம்பி கட்டிப் பத்து நாள் ஆகிறது. ஜூஸும் சூப்பும் வயிறு நிறையத்தான் குடிக்கிறார். ஆனாலும் மூன்று கிலோ குறைந்துவிட்டாரே?

வயிறு நிறைகிறது அம்மா, உடம்பில் ஒட்டவில்லை. தெளிந்த சூப்பில் பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். ஜூஸில் சர்க்கரை உண்டு, புரதம் இல்லையென்றே சொல்லலாம். எலும்பு கூடுவதற்குப் புரதம் கட்டாயம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை ஒரு நாளைக்கு என்று கணக்குப் போடுவோம். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். 250 மில்லி பாலில் இருப்பது சுமார் 8 கிராம். வெறும் பாலை வைத்தே இந்தக் கணக்கை எட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்!

அதனால் குடிக்கும் ஒவ்வொரு வாயிலும் சத்தை ஏற்ற வேண்டும். பாலிலேயே பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். சூப்பில் குழைய வெந்த பருப்பு, கோழி, நன்றாக வெந்த முட்டை என்று சேர்த்து மிக்சியில் அரைத்து வடிகட்டுங்கள். பச்சை முட்டை வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால் சுமார் 120 கலோரி கூடும், அளவோ அப்படியேதான் இருக்கும். மூன்று வேளையில் இது முடியாது. ஆறு முதல் எட்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாரம் இரண்டு முறை எடை பாருங்கள். இன்னும் இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கேள்வி: பல்லெல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறதே, உணவு எந்த வழியாகப் போகும்?

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதுதான் வழி. சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாயை மாட்டுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து, ஒரு வாய் அளவு மட்டும் அழுத்துங்கள். அதை விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் புரையேறும். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சலாமா என்பதை அறுவை செய்தவரிடம் கேளுங்கள்; வாய்க்குள் தையல் இருந்தால் சிலர் வேண்டாம் என்பார்கள்.

அரைத்ததை இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒரே ஒரு தக்காளி விதை கம்பிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், நாக்கால் தள்ளித் தள்ளியே அன்றைய பொழுது போய்விடும். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரால் கொப்பளித்து, குழந்தைகள் பிரஷால் மென்மையாகத் தேய்க்க வேண்டும்.

கேள்வி: கீழ் உதடு மரத்துப்போயிருக்கிறது. சூடு தெரியவில்லை.

கீழ் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பு முறியும்போது அதுவும் அடிபடலாம். உதட்டை நம்பாதீர்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் குடியுங்கள்.

கேள்வி: ராத்திரி வாந்தி வந்தால் மூச்சு அடைத்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

இந்தப் பயம் என்னிடம் வரும் பெரும்பாலானோருக்கு உண்டு. நீங்கள் சாப்பிடுவது எல்லாமே நீராகத்தான் இருக்கிறது, அதனால் வாந்தியும் நீராகவே வரும். பல்லிடுக்கிலும் கன்னத்தின் ஓரத்திலும் வழிந்துவிடும். உடனே எழுந்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, தலையைத் தாழ்த்துங்கள். மல்லாந்து படுக்காதீர்கள். கம்பி வெட்டும் கட்டர் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கம்பிக்குப் பதிலாக ரப்பர் வளையம் போட்டிருந்தால் சிறு கத்தரிக்கோல் போதும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் மருத்துவர் முன்கூட்டியே காட்டிக் கொடுக்க வேண்டும். மூச்சுவிட முடியாத நிலை வந்தால்தான் வெட்ட வேண்டும், வெட்டியதும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சோடா வகைகளும் மதுவும் இந்த வாரங்களில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாமா?

எல்லாவற்றையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். ஒவ்வொன்றையும் மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள். திரவ மருந்தாகவே கிடைக்கலாம். இன்னொன்று, சாப்பாடு குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். இன்றே மருத்துவரிடம் பேசி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலச்சிக்கல்?

நார்ச்சத்து குறைவது ஒரு காரணம், சில வலி மாத்திரைகள் இன்னொன்று. தண்ணீரைக் கூட்டுங்கள், ஓட்ஸை வேகவைத்து நைசாக அரைத்துச் சேர்த்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மருந்து கேளுங்கள்.

கேள்வி: நாளை கம்பியை எடுக்கிறார்கள். ஆசையாக ஏதாவது கடித்துச் சாப்பிடலாமா?

ஆறு வாரம் காத்திருந்த ஆசை, புரிகிறது. ஆனால் தாடைத் தசைகள் இறுகியிருக்கும். முதல் நாள் வாய் ஒரு விரல் அகலம் திறந்தாலே பெரிது. நாளைக்கு முட்கரண்டியால் மசித்த உருளைக்கிழங்கும் வாழைப்பழமும். அப்புறம் மருத்துவர் சொல்லும் வரை சில வாரங்களுக்கு, கடிக்காமல் நாக்கால் நசுக்க முடிகிற உணவு மட்டும்.