சுற்றுச்சூழல் பொறியியலா, சுற்றுச்சூழல் மேலாண்மையா? எம்.இ. சேரும் முன்

கேள்வி: நான் கட்டடவியலில் (சிவில்) பி.இ. முடித்து, திருப்பூர் அருகே சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக ஷிப்ட் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். எம்.இ. படிக்க விரும்புகிறேன். ‘சுற்றுச்சூழல் பொறியியல்’, ‘சுற்றுச்சூழல் மேலாண்மை’ என்று இரண்டு பெயர்களில் படிப்புகள் இருக்கின்றன. எதில் சேர்ந்தால் பயன்? வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் படிப்பது குடும்பத்துக்குச் சுமையாகுமே என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தங்களுடைய இரண்டு ஆண்டு அனுபவத்தை ஒரு தகுதியாகவே எண்ணிக்கொண்டு இந்த முடிவை எடுங்கள் என்று முதலில் சொல்ல விரும்புகிறேன். பி.இ. முடித்த கையோடு எம்.இ. சேரும் மாணவர்களில் பலர், கழிவை நுண்ணுயிர்கள் தின்பதற்காகக் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டியின் ஓரத்தில் நின்று அதன் வாசனையைக் கொண்டே ஏதோ கோளாறு என்று உணரும் வாய்ப்பைப் பெற்றிருப்பதில்லை. தங்களுக்கு அது வாய்த்திருக்கிறது. எம்.இ. தர வேண்டியது அந்த உணர்வுக்குப் பின்னால் உள்ள கணக்கை.

ஒரு சிறு உதாரணத்தைப் பார்ப்போம். ஷிப்ட் தொடங்கியதும் காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் நீரை அளவு உருளையில் பிடித்து, முப்பது நிமிடம் அசையாமல் வைத்து, கசடு, அதாவது நுண்ணுயிர்த் திரள், எத்தனை மில்லிலிட்டரில் படிந்து நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதுவீர்கள். 300 என்று எழுதிய இடத்தில் ஒரு வாரத்தில் 600 வந்தால், கசடு கூடிவிட்டது என்று சொல்லி வெளியேற்றும் பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டச் சொல்வார்கள். ஆனால் தொட்டியில் கசட்டின் செறிவு இரண்டு நாளும் லிட்டருக்கு 3,000 மில்லிகிராமாகவே இருந்திருந்தால், ஒரு கிராம் கசடு பிடிக்கும் இடம் 100 மில்லிலிட்டரிலிருந்து 200 ஆகியிருக்கிறது என்று பொருள். அதாவது கசடு கூடவில்லை, உப்பிப்போயிருக்கிறது. இழை நுண்ணுயிரிகள் பெருகியிருக்கலாம், ஆக்சிஜன் போதாமல் இருந்திருக்கலாம், சத்துகளின் விகிதம் கெட்டிருக்கலாம். இந்த நிலையில் பம்பை ஓட்டினால் உள்ள நுண்ணுயிர்களையும் இழப்போம். ஒரே அளவீட்டிலிருந்து இரண்டு எதிரெதிரான முடிவுகள் வரக்கூடும் என்பதையும், எது சரி என்று கணக்கிடும் முறையையும் சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பு கற்றுத்தருகிறது.

ஆர்.ஓ. பகுதியும், அதாவது அழுத்தம் கொடுத்து நீரை மட்டும் சவ்வின் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் பகுதியும், அப்படித்தான். பருத்திச் சாயமேற்றலில் சேர்க்கும் உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்பதில்லை என்பதால், கரைந்த உப்பைப் பிரிக்கச் சவ்வு தேவைப்படுகிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் குளோரைடு இருந்தால் சவ்வூடு அழுத்தம், அதாவது நீர் சவ்வைக் கடப்பதை உப்பு எதிர்க்கும் அழுத்தம், ஏறத்தாழ 0.8 பார் இருக்கும். அதே உப்பு 50,000 மில்லிகிராம் வரை செறிந்தால், அதை எதிர்த்துத் தள்ளவே சுமார் 40 பார் வேண்டும். நீரைப் பிரித்தெடுக்க அதற்கும் மேலே அழுத்தம் கொடுக்க வேண்டும். சவ்வில் மிஞ்சும் உப்பு செறிந்த ரிஜெக்ட் நீரை, சூடாக்கி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு அனுப்ப வேண்டியிருப்பதற்கும், மின்சாரமும் விறகும் அவ்வளவு செலவாவதற்கும் இதுவே அடிப்படை. எவாப்பரேட்டருக்குப் பின் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் நிறைவான விடை கிடைக்கவில்லை. அதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளத் தங்களைப் போன்றவர்கள் முன்வர வேண்டும் என்பது என் உளமார்ந்த விருப்பம்.

சுற்றுச்சூழல் மேலாண்மைப் படிப்பு வேறு கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகியவை எப்படி நடைமுறைக்கு வருகின்றன, ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை எந்த அடிப்படையில் வழங்கப்படுகிறது, ஒரு தொழிற்சாலை வருமுன் சுற்றுப்புறத்தின் நீர், காற்று, மண் தரவுகளை எப்படித் திரட்டுவது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழும் ஆட்சேபங்களை அறிக்கையில் எப்படிக் கையாள்வது என்பன அதன் பாடங்கள். தங்கள் ஊரின் வரலாறே இதன் முக்கியத்துவத்துக்குச் சான்று. நொய்யல் ஆற்றிலும் அதன் குறுக்கேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, கருவி இருந்தால் மட்டும் போதாது, அது இயங்குவதை உறுதிசெய்யும் ஏற்பாடும் வேண்டும் என்பது அனைவருக்கும் விளங்கியது. அதற்கு முன்பே, வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றிருந்தது.

ஆகவே தங்களுக்கு நான் பொறியியலையே பரிந்துரைக்கிறேன். வடிவமைப்புக் கணக்கு தெரிந்த ஒருவர் பின்னாளில் சட்டத்தையும் மதிப்பீட்டையும் வேலையில் இருந்தபடியே கற்றுக்கொள்ள முடியும். மேலாண்மை படித்தவர் நடுவயதில் உயிர்வேதி வினைவேகக் கணக்குகளைத் தானாகக் கற்பது கடினம். தாக்க மதிப்பீட்டு ஆலோசனைப் பணியிலோ, நிறுவனங்களின் சுற்றுச்சூழல் பிரிவிலோ சேர்வதுதான் தங்கள் உறுதியான நோக்கம் என்றால் மட்டும் இந்தப் பரிந்துரை மாறும்.

பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இரண்டும் தனித்தனிப் படிப்புகள், காரக்பூர் ஐ.ஐ.டி.யிலும், பாங்காக்கை அடுத்துள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் ‘சுற்றுச்சூழல் பொறியியல் மற்றும் மேலாண்மை’ என்றே சேர்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆகையால் பாடத்திட்டத்தை இறக்கி, நீர் மற்றும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வடிவமைப்புக்கு எத்தனை மணி நேரம், ஆய்வகத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். முடிந்தால் ஒருநாள் நேரில் சென்று ஆய்வகத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனைக்கான இன்குபேட்டரின் கதவைத் திறந்தால் உள்ளே தேதி எழுதிய 300 மில்லிலிட்டர் குப்பிகள் வரிசையாக இருக்கின்றனவா, அல்லது வெறும் தட்டுகளா என்பதே அந்தத் துறையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இனி பணம் பற்றி. தங்கள் கவலைக்கு நேரடியான விடை கேட் (GATE) எனும் அகில இந்தியத் தேர்வில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நுழைவுத் தேர்வு வழியாகவும் எம்.இ. சேரலாம் என்றாலும், செல்லத்தக்க கேட் மதிப்பெண்ணுடன் ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற முழுநேரப் படிப்பில் சேர்பவர்களுக்கே மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். தற்போதைய சம்பளத்துக்கு அது ஈடாகாமல் இருக்கலாம். ஆனால் விடுதிச் செலவுக்காகக் கடன் வாங்கும் நிலையைப் பெரிதும் தவிர்க்கும். கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. கட்டடவியல் தாளை எழுதியும் இப்படிப்பில் சேரலாம். எந்தத் தாளை எந்தக் கல்லூரி ஏற்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், வேலையை விடாமலேயே தேர்வை எழுதி, மதிப்பெண் கைக்கு வந்தபின் குடும்பத்துடன் பேசி முடிவெடுக்கலாம். வழக்கமாக விண்ணப்பம் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்கி, தேர்வு பிப்ரவரியில் நடக்கும்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். தங்கள் நிலையத்தின் ஓராண்டு அன்றாடப் பதிவுகளை, அதாவது உள்வரும் நீரின் அளவு, கரைந்த உப்பு, கசட்டுப் படிவு, சவ்வின் அழுத்தம், எவாப்பரேட்டருக்குச் சென்ற அளவு ஆகியவற்றை, நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி பெற்று ஒரே அட்டவணையில் தொகுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி மற்றவர்கள் செயற்கைக் கழிவுநீரைக் குடுவையில் கலந்துகொண்டிருக்கும்போது, தங்களிடம் உண்மையான நிலையமொன்றின் முந்நூற்று அறுபத்தைந்து நாள் தரவு இருக்கும். சேர்க்கைக்குப் பின் வழிகாட்டியாகும் பேராசிரியரை முதன்முறை சந்திக்கச் செல்லும்போது அந்த அட்டவணையை அச்செடுத்துக் கையோடு கொண்டு செல்லுங்கள்.