தேக்காவில் தண்ணீர்க் குழாய்

வணக்கம்.

மகளைப் பார்க்கப் போன மாதம் சிங்கப்பூர் போயிருந்தேன். லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையம் என்ற உணவங்காடியில் காலையில் தோசை, மதியம் பிரியாணி, நடுவில் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர். சீனக் கடை, மலாய்க் கடை, நம்மவர் கடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ அங்கீகரித்திருக்கிறது என்று மகள் சொன்னாள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், எங்கள் தெருமுனையில் இருபது வருடமாக இட்லிக் கடை போட்டிருந்தவரின் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாவுச் சட்டியோடு. ஓர் அரசு உணவைப் பண்பாடாக நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று இல்லையா? நம் கொத்துப் புரோட்டாவுக்கும் தெருக்கடை இட்லிக்கும் நாம் ஏன் யுனெஸ்கோ அங்கீகாரம் கேட்கக் கூடாது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாவுச் சட்டியோடு என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படிக்க முடியவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சிங்கப்பூர்க் கதையை நீங்கள் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறீர்கள். யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்தது 2020 டிசம்பரில். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரியான கட்டடங்கள் 1970களிலும் 80களிலும் வந்தவை. அவற்றைக் கட்டியபோது பண்பாடு என்ற பேச்சே பெரிதாக இல்லை. அன்று அது சாக்கடைப் பிரச்சினை. தெருவில் கடை போட்டவர்களுக்குக் குழாய் கிடையாது. ஒரே வாளித் தண்ணீரில் நாளெல்லாம் தட்டு கழுவினார்கள், மிச்சத்தைக் கால்வாயில் கொட்டினார்கள். அது ஆற்றுக்குப் போனது. டைபாய்டு, காலரா பயம் வேறு. வண்டிகளைப் பறிமுதல் செய்வது அங்கேயும் தாராளமாக நடந்தது. உங்கள் தெருமுனை லாரியைப் பார்த்து அந்தக் காலத்துச் சிங்கப்பூர்க்காரர் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

அப்புறம்தான் வித்தியாசம் வருகிறது. 1968-69இல் தீவு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். சுமார் 18,000 தெரு வியாபாரிகளுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்தார்கள். 1971இலிருந்து 1986 வரை, பதினைந்து வருடம், அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய். தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்குச் சலுகை வாடகை. அப்படி வந்தவர்களில் இன்னும் கடை நடத்துகிறவர்கள் மாதம் 320 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டாத வாடகை கட்டிவந்தார்கள். ஏலத்தில் கடை எடுத்த புதியவர்கள் கட்டிவந்தது 1,250 வெள்ளி வாக்கில். எல்லோரும் சந்தோஷமாக உள்ளே போனார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பழைய வாடிக்கை போய்விடும் என்று பயந்தவர்கள் நிறைய.

உணவு பிழைத்தது அந்தக் குழாயினால், அந்த வாடகையினால். தமிழ் முஸ்லிம்களின் இந்தியன் ரோஜாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இறால் வடை, டோஃபு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பொரித்து வெட்டி, சிவப்பாக, இனிப்பும் காரமுமாக ஒரு குழம்போடு கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் அநேகமாக யாருக்கும் அது தெரியாது. அதைக் காப்பாற்ற எந்த அரசும் திட்டம் போடவில்லை. அதைச் செய்கிறவர் நாளைக்கும் அதே இடத்தில் அடுப்பு மூட்டலாம் என்று ஆனது, அவ்வளவுதான்.

யுனெஸ்கோவிடம் அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு பதார்த்தத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மலேசியாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்; சில்லி நண்டு யாருடையது என்று 2009இலேயே ஒரு சண்டை நடந்தது. பல இனத்தவர் ஒரே கூரையின் கீழ் சமைத்து, உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கத்தைத்தான் பதிவு செய்தார்கள். கெட்டிக்காரர்கள். நீங்கள் கொத்துப் புரோட்டாவை எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே இலங்கைக்காரர் ஒருவர் கொத்து ரொட்டித் தட்டோடு நிற்பார். நியாயம் அவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அங்கீகாரம் வந்த பிறகு தேக்காவில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். "ஆமா தம்பி, சொன்னாங்க. ரெண்டு பேர் வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க. அம்பது காசு ஏத்துனா இன்னும் முகத்தைச் சுளிக்கிறாங்க" என்றார். மகன் கடைக்கு வருவாரா என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருக்கும்.

அவர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. உணவங்காடியில் சாப்பாடு மலிவாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் எழுதாத சட்டம். அரசுக்கும் அது வேண்டும், ஊழியர்களின் மதியச் சாப்பாடு அதில்தான் நடக்கிறது. அரிசி, எண்ணெய், ஆள் கூலி எல்லாம் ஏறுகிறது, தட்டின் விலை மட்டும் ஏறக் கூடாது. வித்தியாசத்தை யார் கட்டுவது? அடுப்பருகில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்தான். கடைக்காரர்களின் நடு வயது அறுபதை ஒட்டி இருப்பதில் வியப்பென்ன?

அரசும் சும்மா இல்லை. 2012இல் உள்வாடகைக்கு விடுவதைத் தடுத்தது, குறைந்தபட்ச ஏலத்தொகையை நீக்கியது. ஒரு வெள்ளிக்குக் கடை எடுத்தவர்கள்கூட உண்டு. பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி நிலையங்கள் கட்டத் தொடங்கியது. புதியவர்கள் தொழில் பழகத் திட்டங்கள் வந்தன. ஆனால் சில புதிய நிலையங்களை வெளி நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்ததில், சில்லறை மாற்றிக் கொடுக்கிற சேவைக்குக்கூடக் கட்டாயக் கட்டணம் என்று 2018இல் பெரிய சச்சரவு. இன்னொரு பக்கம் தாய்லாந்து. 2002இல் வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்க அரசே திட்டம் போட்டது, கடன் கொடுத்தது, நல்ல உணவகங்களுக்கு முத்திரை குத்தியது. ஆனால் 2017இல் பாங்காக் நகர நிர்வாகம் நடைபாதைக் கடைகளை அகற்றிக்கொண்டிருந்தது. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷெலின் கையேட்டைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவரத் தாய்லாந்துச் சுற்றுலாத் துறை பணம் கட்டியதும் அதே வருடம்தான்.

ஆகவே யுனெஸ்கோ எனக்கு அவசரமில்லை. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது: 2014இன் தெரு வியாபாரிகள் சட்டம். ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்றிதழ் உள்ளவரை அகற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சிங்கப்பூர் 1968இல் செய்த முதல் வேலையும் இந்தக் கணக்கெடுப்புதான்.

சரி, மாவுச் சட்டிக்கு வருகிறேன். பொருளை எடுத்தால் பட்டியல் போட்டுக் கடைக்காரர் கையில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கெடாத பொருளை, அவர் போய்க் கேட்டால், இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளென்றால் கேட்ட அன்றே. இட்லிக்காரரிடம் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் விற்பனைக் குழு எப்போது கடைசியாகக் கூடியது என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.